விழித்திரையில் முளைக்கும் வேண்டாத ரத்தக் குழாய்கள்

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கக் கட்டடத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சகோதரிகள் விடியற்காலையிலேயே வந்து வாசலில் போட்டிருந்த பெரிய கோலத்தின் இடது ஓரத்தை நான் மிதித்து அழித்துவிட்டேன். "தாத்தா, பார்த்து வரக்கூடாதா?" என்று குழந்தைகள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கோலம் என் கண்ணில் படவே இல்லை என்பதுதான் உண்மை. என் இடது கண்ணின் பார்வையில் பெரும் பகுதி 2022-ஆம் ஆண்டிலேயே போய்விட்டது.

விஷயம் தெரிந்த பிறகு பலர் விசாரித்தார்கள். "சர்க்கரையால் வந்தது" என்று ஒரே வரியில் பதில் சொல்லி வந்தேன். நம் மலரின் ஆசிரியர்தான், "சர்க்கரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கமாக எழுதிக் கொடுங்களேன், நாலு பேருக்குப் பயன்படும்" என்றார். நான் மருத்துவன் அல்லன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்துவிட்டு 37 ஆண்டுகள் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு இயந்திரம் பழுதானால் ஏன் பழுதானது என்று தெரியாமல் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில், என் கண் ஏன் பழுதானது என்பதையும் டாக்டர்களைக் கேட்டும் படித்தும் ஓரளவு தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வைத்தியம் சொல்வது என் நோக்கமல்ல. அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

என் கதை

2003-ல் எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டேன், நடந்தேன், இனிப்பைக் குறைத்தேன். கண்ணுக்கு என்று நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் பார்த்துக்கொள்வேன். "கண் நன்றாகத் தெரிகிறதே, வேறென்ன வேண்டும்?" என்பது என் எண்ணம்.

2022 தொடக்கத்தில் ஒரு நாள் காலை. காப்பியோடு பேப்பரைப் பிரித்தேன். எழுத்துகளின் மேல் சிலந்தி வலை போல ஒன்று மிதந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. கண்ணைக் கழுவினேன், அப்போதும் போகவில்லை. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் வலையும் கூடவே வந்தது. வலி கொஞ்சமும் இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மராட்டியப் பெண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்துப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் வயதானவர்களை "காகா" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் சித்தப்பா என்பது போல. "காகா, கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. உங்கள் விழித்திரையில் புதிது புதிதாக ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. ஒரு புரதம் செய்கிற வேலை இது" என்றார்.

ரத்தக் குழாய் புதிதாக முளைத்தால் நல்லதுதானே என்று அப்பாவியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லதாக இருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்" என்றார்.

பசி மிகுந்த ஒரு தாள்

கண்ணைக் கேமராவுக்கு ஒப்பிட்டால் விழித்திரைதான் ஃபிலிம். கண்ணின் பின்புறத்தில், கால் மில்லிமீட்டர் கனம்கூட முழுதாக இல்லாத ஒரு மெல்லிய தாள். அதற்குள் மங்கலான வெளிச்சத்தைப் பார்க்கும் செல்கள் சுமார் 12 கோடி, நிறங்களைப் பார்க்கும் செல்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. நம் உடம்பிலேயே மிக அதிகமாகப் பிராணவாயு செலவழிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. எடைக்கு எடை பார்த்தால் இதன் பசி மூளையின் பசிக்குக் குறைந்ததல்ல.

இந்தப் பசிக்கு இரண்டு பாதைகளில் சப்ளை வருகிறது. விழித்திரையின் உள் அடுக்குகளுக்கு, பார்வை நரம்போடு கூடவே நுழையும் ஒரு தமனியிலிருந்து பிரியும் நுண்குழாய்கள். வெளி அடுக்குக்கு, விழித்திரையின் பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்ப் படலம். உள் அடுக்கின் நுண்குழாய்கள் மிகக் குறுகலானவை. ஒரு ரத்த அணு நெருக்கியடித்துக்கொண்டு போகும் அளவுக்குத்தான் இடம்.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் முதலில் அடி வாங்குவது இந்த நுண்குழாய்கள்தான். குழாயைச் சுற்றி அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் தாங்கு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன. தாங்கல் போன இடத்தில் குழாய் சின்னக் குமிழாகப் புடைக்கிறது, கசிகிறது. சில குழாய்கள் அடைத்தே போகின்றன. அடைத்த குழாய்க்கு அப்பால் இருக்கும் விழித்திரைப் பகுதி பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. இத்தனையும் நடக்கும்போது பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை படித்துவிடலாம். நானும் படித்தேன்.

சிக்னல்காரனுக்குப் புரிந்த சூட்சுமம்

பிராணவாயு குறைந்தது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இதைப் படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். நாங்கள் ரயில் பாதையில் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அப்படியே அங்கே இருக்கிறது.

ஒரு பாதையில் ரயில் நிற்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க 'டிராக் சர்க்யூட்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு முனையில் பாட்டரி, மறு முனையில் ஒரு ரிலே. இரண்டு தண்டவாளங்களின் வழியாகவும் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும் வரை ரிலே தூக்கி நிற்கும். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேக்கு மின்சாரம் போகாது, அது விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் பாட்டரி தீர்ந்தாலும் சிவப்புதான். அதாவது, மின்சாரம் வந்தால் எச்சரிக்கை என்பதல்ல, மின்சாரம் நின்றால்தான் எச்சரிக்கை.

செல்லுக்குள் 'ஹிஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம் இருக்கிறது. செல் அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. பிராணவாயு போதுமான அளவு இருந்தால், ஒரு நொதி அந்தப் பிராணவாயுவைக் கொண்டே ஹிஃப் மீது ஒரு முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த ஹிஃபை வேறொரு புரதம் அடையாளம் கண்டு பிடித்து, சில நிமிடங்களில் அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. பிராணவாயு குறைந்தால் முத்திரை குத்த ஆளில்லை. ஹிஃப் அழியாமல் சேர்ந்துகொண்டே போய், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, 'ரத்தம் வேண்டும்' என்ற ஆணைகளைப் பிறப்பிக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த செமன்ஸா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஹிஃப் பிறப்பிக்கும் ஆணைகளில் முக்கியமானது வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் செய் என்பது. 'ரத்தக் குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி' என்று தமிழில் சொல்லலாம். இங்கே சுருக்கமாக 'வளர்ச்சிப் புரதம்' என்றே குறிப்பிடுகிறேன்.

ஆளைத் தேடிய அரை நூற்றாண்டு

பட்டினி கிடக்கும் விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து பரவுகிறது என்று 1948-லேயே ஊகித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் மைக்கேல்சன். அடைப்பு ஓரிடத்தில் இருக்க, புதுக் குழாய்கள் தள்ளி இன்னோரிடத்தில், சில சமயம் கண்ணின் முன்பக்கக் கருவிழித் திரையில்கூட முளைக்கின்றன. அப்படியானால் செய்தியை எடுத்துக்கொண்டு போகும் தூதன் ஒருவன் இருந்தாக வேண்டும். அந்தத் தூதனுக்கு 'எக்ஸ் காரணி' என்ற பெயர் நிலைத்தது. எக்ஸ் யார் என்று மட்டும் தெரியவில்லை.

1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இன்னொரு திசையிலிருந்து வந்தார். புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் அது தனக்கென்று ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்றார். அப்போது பலர் அதை நம்பவில்லை. 1983-ல் டுவோராக், செங்கர் குழுவினர் கட்டிகளிலிருந்து ஒரு புரதத்தைக் கண்டார்கள். ரத்தக் குழாயைக் கசியவைப்பதில் அது ஹிஸ்டமினைவிடப் பல ஆயிரம் மடங்கு வீரியமுள்ளது. 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா என்ற இத்தாலிய விஞ்ஞானி, அமெரிக்காவில் இருந்துகொண்டு, மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் செல்களிலிருந்து ரத்தக் குழாயை வளரவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு பார்த்தால் கசியவைக்கும் புரதமும் வளரவைக்கும் புரதமும் ஒன்றேதான்!

இந்த ஒற்றுமை முக்கியமானது. சர்க்கரை நோயாளியின் கண்ணில் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. ஒன்று, பார்வையின் மையப் பகுதியில் நீர் கசிந்து வீக்கம். மற்றது, புதுக் குழாய் முளைப்பது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே புரதம்தான்.

1994-ல் பாஸ்டன் நகர மருத்துவர் அயெல்லோவும் அவர் குழுவினரும் 164 நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த நீரைச் சோதித்தார்கள். புதுக் குழாய்கள் தீவிரமாக வளரும் கண்களில் இந்தப் புரதம் மிக அதிகமாக இருந்தது. லேசர் சிகிச்சை பலித்த கண்களில் அது 75 சதவீதம் குறைந்திருந்தது. மைக்கேல்சன் தேடிய எக்ஸ் பிடிபட்டது.

உதவிக்கு வந்தவன் ஏன் உபத்திரவம் ஆனான்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் புரதம் வில்லன் அல்ல. தாயின் வயிற்றில் சிசுவின் ரத்தக் குழாய்கள் எல்லாம் இதன் தயவில்தான் உருவாகின்றன. எலிகளில் இதற்கான இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே கரு பிழைப்பதில்லை என்று 1996-ல் கண்டார்கள். நமக்குக் காயம் ஆறுவதற்கும் இது வேண்டும்.

கெடுதல் எங்கே என்றால், வளர்ந்து முடிந்த கண்ணில் இது அவசரக் கோலத்தில் வேலை செய்கிறது. மழை வெள்ளத்தில் ரயில் பாலம் அடித்துப் போனால் பக்கத்தில் தற்காலிகப் பாதை போடுவோம். மண்ணை இறுக்காமல், ஜல்லி சரியாகக் கொட்டாமல், சமமட்டம் பார்க்காமல் போட்டால் அந்தப் பாதை என்ன ஆகும்? முதல் வண்டியே கவிழும். புதிதாக முளைக்கும் குழாய்களும் அப்படித்தான். சுற்றி அணைக்கும் தாங்கு செல்கள் சரியாக இருக்காது. சுவர் பலவீனம். அதோடு அவை பட்டினி கிடக்கும் பகுதிக்குள் போவதில்லை. விழித்திரையின் மேற்பரப்பில் படர்ந்து, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழின் மேல் கொடி போல ஏறுகின்றன. கூழ் சற்று அசைந்தாலும் கொடி கிழிகிறது, ரத்தம் கொட்டுகிறது. நான் கண்ட சிலந்தி வலை அதுதான்.

அதோடு முடிவதில்லை. கொடிகளோடு நார்த் திசுவும் வளர்கிறது. அது சுருங்கும்போது விழித்திரையையே சுவரிலிருந்து பிடுங்கிவிடும். இந்தப் புரதம் கண்ணின் முன்பக்கம் வரை பரவினால், அங்கே முளைக்கும் குழாய்கள் கண்ணின் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடும். கண் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு பார்வை போகும்.

கண்ணுக்குள் இயற்கையான பிரேக்கும் உண்டு. பி.இ.டி.எஃப். என்ற இன்னொரு புரதம் புதுக் குழாய்களைத் தடுக்கிறது என்று 1999-ல் தெரியவந்தது. நல்ல கண்ணில் வளர்ச்சிப் புரதமும் தடைப் புரதமும் தராசின் இரண்டு தட்டுகள் போலச் சமமாக நிற்கின்றன. பிராணவாயு குறைந்தால் முதல் தட்டு கனக்கிறது, இரண்டாவது தட்டு எழும்புகிறது.

கடல் பசு சொன்ன பாடம்

கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கார்னியாவில் ரத்தக் குழாயே கிடையாது. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. அங்கேயும் வளர்ச்சிப் புரதம் உண்டு, சுற்றிலும் ரத்தக் குழாயும் உண்டு. பின் ஏன் முளைப்பதில்லை?

2006-ல் இதற்கு விடை கிடைத்தது. கார்னியா ஒரு பொறி வைத்திருக்கிறது. வளர்ச்சிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியை, ரத்தக் குழாய்ச் சுவரோடு ஒட்டாமல் தனியாக மிதக்கவிட்டிருக்கிறது. வருகிற வளர்ச்சிப் புரதம் அந்தப் பொறியில் மாட்டிக்கொள்ளும், குழாயைச் சேராது. இதற்குச் சாட்சி சொன்னது மனாட்டீ என்ற கடல் விலங்கு. அதன் கார்னியாவில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சோதித்துப் பார்த்தால் அந்தப் பொறிப் புரதம் அதனிடம் இல்லை. அதன் நெருங்கிய உறவினமான டுகாங்கிடம் இருக்கிறது, டுகாங்கின் கார்னியாவும் தெளிவாக இருக்கிறது. டுகாங் வேறு எதுவும் அல்ல. நம் பாக் விரிகுடாவில் மீனவர்கள் ஆவுளியா என்றும் கடல் பசு என்றும் சொல்வார்களே, அதுதான். 2022-ல் தமிழக அரசு அங்கே அதற்கென்று ஒரு காப்பகமே அறிவித்திருக்கிறது.

சிகிச்சை: லோடைக் குறை, அல்லது டோக்கனைப் பறி

முதலில் வந்தது லேசர். விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு புள்ளிகளைச் சுட்டுவிடுகிறார்கள். சுட்ட இடம் பிராணவாயு கேட்காது, வளர்ச்சிப் புரதமும் செய்யாது. மின்சாரம் போதாதபோது சில ஃபீடர்களை நிறுத்தி லோடைக் குறைப்போமே, அதே தத்துவம்தான். இதனால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு நிரூபித்தது. விலையாக ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிற பேரம் இது.

அடுத்து வந்தது ஊசி. முன்பெல்லாம் ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் கையில் உருண்டை வடிவ டோக்கன் கொடுத்தால்தான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடிந்தது. வளர்ச்சிப் புரதம் அந்த டோக்கன் மாதிரி. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஏற்பியில் அது பொருந்தினால்தான் குழாய் வளரப் புறப்படும். வழியிலேயே டோக்கனைப் பறித்துவிட்டால் வண்டி நகராது. இந்த மருந்துகள் எல்லாம் செய்வது இதைத்தான்.

2004 டிசம்பரில் அமெரிக்காவில் பெகாப்டனிப் என்ற மருந்து அனுமதி பெற்றது. 2006-ல் ரானிபிசுமாப் வந்தது. முதலில் முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவுக்கு, பிறகு சர்க்கரை வீக்கத்துக்கும். அதுவரை பார்வை குறைவதைத் தள்ளிப்போட மட்டுமே முடிந்தது. இந்த மருந்தால் பலருக்குப் போன பார்வையில் கொஞ்சம் திரும்பியும் வந்தது. 2011-ல் வந்த அஃப்ளிபெர்செப்ட், கார்னியா வைத்திருக்கும் பொறியின் தத்துவத்தையே பின்பற்றிச் செய்த மருந்து. 2022-ல் வந்த ஃபாரிசிமாப், இந்தப் புரதத்தோடு சேர்த்து ஆஞ்சியோபாய்ட்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் பிடிக்கிறது. குழாயைத் தளர்த்திக் கசியவைப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இடையில் ஒரு சுவையான கதையும் உண்டு. பெவாசிசுமாப் என்பது குடல் புற்றுநோய்க்கு 2004-ல் அனுமதிக்கப்பட்ட மருந்து. அதுவும் இதே புரதத்தைப் பிடிப்பதுதான். ஒரு குப்பியிலிருந்து கண்ணுக்கு வேண்டிய துளிகளைப் பிரித்தெடுத்தால் செலவு பல மடங்கு குறைகிறது. 2011-ல் அமெரிக்க அரசு உதவியோடு நடந்த ஆய்வில், முதுமை மையச் சிதைவுக்கு இது விலை உயர்ந்த ரானிபிசுமாபுக்குப் பார்வையைக் காப்பதில் சமமாக இருந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு குப்பியிலிருந்து பல பேருக்குப் பிரிக்கும்போது கிருமி புகாதபடி பிரிக்க வேண்டும். அந்த வசதி உள்ள இடத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். 2015-ல் ரானிபிசுமாபுக்கு இணையான மருந்தை இந்தியாவிலேயே தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள். அதனால் செலவு ஓரளவு குறைந்தது.

கண்ணில் ஊசியா என்று பயப்பட வேண்டாம். மரத்துப் போகச் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு வெள்ளை விழியில், கருவிழி ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி, மெல்லிய ஊசியால் ஒரு சொட்டுக்கும் குறைவான மருந்தைச் செலுத்துவார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். முந்தின இரவு நான் தூங்கவில்லை. ஊசி போட்ட பிறகுதான், இதற்கா தூக்கம் கெட்டேன் என்று தோன்றியது. போட்ட பிறகு கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் செய்த தவறு

மூன்று மாதம், மூன்று ஊசி. சிலந்தி வலை மறைந்தது. பேப்பர் படித்தேன். அப்போது ஊரில் என் அண்ணன் மகன் கல்யாணம். "அடுத்த ஊசிக்குத் தேதி தவறக்கூடாது காகா" என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணம், மறுவீடு, குலதெய்வக் கோயில், நிலத்துப் பத்திர வேலை என்று ஐந்து மாதம் அங்கேயே தங்கிவிட்டேன். கண்தான் நன்றாகத் தெரிகிறதே!

இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. ஊசி டோக்கனைப் பறிக்கிறதே தவிர, டோக்கன் செய்கிற இடத்தை மூடுவதில்லை. அடைத்த நுண்குழாய்கள் அடைத்தபடியேதான் இருக்கின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை வளர்ச்சிப் புரதத்தைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. கண்ணில் மருந்து சில வாரங்களில் கரைந்துவிடும். அப்புறம் பழைய கதைதான். ஊசியை மட்டும் நம்பியிருந்து நடுவில் வராமல் போனவர்களின் கண், லேசர் செய்துகொண்டு வராமல் போனவர்களின் கண்ணைவிட மோசமாகிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 2019-ல் காட்டியிருக்கிறது. அந்த ஆய்வுக்கு என் இடது கண்ணையும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

ரயிலில் திரும்பி வரும்போது பல்லார்ஷாவைத் தாண்டியதும் இடது கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது. பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணுக்குள் பெரிய ரத்தப் பெருக்கு, விழித்திரையும் இழுபட்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்து விழித்திரையை ஒட்டவைத்தார்கள். ஆனால் போன பார்வை போனதுதான். வலது கண்ணிலும் கொடிகள் தலைகாட்டியிருந்தன. அதற்கு லேசரும் ஊசியும் காலத்தில் நடந்தன. இந்தக் கட்டுரையை அந்தக் கண்ணால்தான் எழுதுகிறேன். டாக்டர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்லியிருந்தால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஊசிக்கு ஏற்பாடு செய்திருப்பேனே காகா" என்றார். கண் மருத்துவத்துக்கு மதுரையையும் சென்னையையும் தேடி நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் போகிறார்கள். நான் அந்தத் தமிழ்நாட்டில் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்.

பேரக் குழந்தைகளுக்கும் உண்டு

இது கிழவர்களின் வியாதி மட்டுமல்ல. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. இன்குபேட்டரில் பிராணவாயு அதிகமாகக் கொடுத்தால், 'ரத்தம் தேவையில்லை' என்று நினைத்து வளர்ச்சிப் புரதம் குறைந்து, குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பிறகு சாதாரணக் காற்றுக்கு மாற்றும்போது விழித்திரை பட்டினி கிடந்து, அதே புரதம் வெள்ளமாகப் பெருகுகிறது. 1942-ல் பாஸ்டனில் டெர்ரி என்ற டாக்டர் முதலில் விவரித்த இந்த நோயால் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. பிராணவாயுதான் காரணம் என்பது 1950-களில் தெளிவானது.

நம் நாட்டில், 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவோ அதற்குக் குறைவாகவோ எடையுள்ள குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே செய்ய வேண்டும். நம் பெண்கள் பிரசவத்துக்கு ஒரு ஊர், பிறகு இன்னொரு ஊர் என்று மாறுகிறவர்கள். டிஸ்சார்ஜ் ஆன ஆஸ்பத்திரி ஒன்று, இருக்கும் ஊர் வேறு என்றால் இந்த 30 நாள் சுலபமாகத் தவறிப்போகும். பாட்டி, தாத்தாக்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். நம் சங்கத்தில் எத்தனை வீடு இதில் சேராது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே சில வார்த்தைகள்:

சர்க்கரை இருப்பது தெரிந்த அன்றே, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. இளம் வயதிலேயே இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு, நோய் வந்து ஐந்து வருடத்திலிருந்து இந்தச் சோதனை தொடங்க வேண்டும். சர்க்கரையுள்ள பெண் கர்ப்பமானால் உடனே பார்க்க வேண்டும்.

சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருங்கள். இரண்டும் கண்ணைக் காக்கும் என்பதை இங்கிலாந்தில் நடந்து 1998-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது.

ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். புதிதாகக் கறுப்புப் புள்ளியோ, வலையோ, மின்னலோ, திரையோ தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஊசி ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லி, அந்த ஊரில் ஏற்பாடு செய்துகொண்டு, சிகிச்சைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றாலும் வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள். லேசரோ விலை குறைந்த மருந்தோ ஒரு வழி இருக்கும். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் கெடுதல்.

கடைசியாக ஒன்று. நம்மில் பலருடைய பெற்றோர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்கிறோம். அடுத்த முறை, "டாக்டர் கண்ணில் மருந்து விட்டுப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?" என்றும் கேளுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு ஒரு கண் கெட்ட பிறகாவது புத்தி வந்தது. அடுத்த பொங்கலுக்கும் கோலம் போடுங்கள் சகோதரிகளே. இந்த முறை தலையை இடது பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவேன்.